கடைசி ஆறு மைல்

இலண்டன் மரதனில் ஓடுபவர்கள் 'த ஹைவே' என்ற வீதிக்கு இரண்டு தடவை வருகிறார்கள். முதல் தடவை கிழக்கே போகும்போது 13 மைல்கள் முடிந்திருக்கும். கால்களில் தெம்பு இருக்கும். முகத்தில் சிரிப்பு இருக்கும். அதே வீதியின் மறுபக்கத்தில், எதிர்த்திசையில், 22 மைல் கடந்தவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் சிரிப்பதில்லை. சிலர் நடக்கிறார்கள், சிலர் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் தன் நிலையும் இதுதான் என்று கிழக்கே போகிறவர் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்.

மரதனின் முழுத்தூரம் 42.195 கிலோமீற்றர். பழைய கணக்கில் 26 மைல் 385 யார். முதல் 20 மைல் ஒரு ஓட்டம், கடைசி 6 மைல் வேறு ஓட்டம் என்று ஓடிப் பழகியவர்கள் சொல்வார்கள். அதற்குக் காரணம் உடலுக்குள் இருக்கிறது. நாம் உண்ணும் சோறும் பாணும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தாக மாறி ஈரலிலும் தசைகளிலும் சேர்ந்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஒருவரிடம்கூட அது 400 முதல் 500 கிராம் வரைதான் இருக்கும். ஏறத்தாழ 2,000 கலோரி. ஓடும்போது ஒரு மைலுக்குச் சராசரியாக 100 கலோரி எரிகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இருப்பு எங்கே தீரும் என்பது தெரிந்துவிடும்: 20ஆவது மைலுக்கு அண்மையில். மோட்டார் சைக்கிள் ரிசேர்வில் விழுந்த மாதிரித்தான். அதற்குப் பிறகு உடல் கொழுப்பை எரித்துத்தான் பெரும்பாலும் ஓடவேண்டும். கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் சக்தியைத் தரும். வேகம் விழும், கால் கனக்கும், மூளைக்கும் சீனி போதாமல் மனம் சோரும்.

அந்த நேரத்தில் ஓட்டக்காரர் மைல்களை எண்ணுவதை விட்டுவிட்டு இடங்களை எண்ணத் தொடங்குகிறார். அந்தப் பாலம் மட்டும், அந்தக் கோபுரம் மட்டும், அந்த முடக்கு மட்டும். அதனால்தான் ஒரு நகரம் தன் மரதன் பாதையின் கடைசிப் பகுதியை எங்கே வைக்கிறது என்பது வெறும் போக்குவரத்துப் பிரச்சினை அல்ல. களைத்துப்போன ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தன்னிடம் உள்ளதில் எதைக் காட்டிக் கூட்டிச் செல்வது என்று அந்த நகரம் எடுக்கும் முடிவு அது.

இலண்டன் எடுத்த முடிவைப் பார்ப்போம். கிறிஸ் பிரஷர், ஜோன் டிஸ்லி என்ற இரண்டு முன்னாள் ஒலிம்பிக் வீரர்கள் தொடங்கிய இந்த மரதன் முதன்முதல் நடந்தது 1981 மார்ச் 29ஆம் திகதி. அன்று ஓடி முடித்தவர்கள் 6,255 பேர். முன்னால் வந்த அமெரிக்கர் டிக் பியட்ஸ்லியும் நோர்வேக்காரர் இங்கே சிமொன்சனும் கைகோத்தபடி ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். 2025இல் முடித்தவர்கள் 56,000 பேருக்கு மேல். முடிவிடம் மட்டும் இடையில் மாறியிருக்கிறது. முதல் வருடம் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் பக்கத்து வீதி, 1982 முதல் 1993 வரை வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், 1994இல் இருந்து அரண்மனைக்கு முன்னால் செல்லும் 'த மோல்' என்ற அகன்ற சாலை.

ஹைவேயில் மேற்கே திரும்பியவருக்கு முதலில் தெரிவது இலண்டன் கோட்டை. 11ஆம் நூற்றாண்டில் வில்லியம் மன்னர் கட்டத் தொடங்கிய கல்மதில்கள். அதைத் தாண்டினால் பாதை பிளாக்பிரையர்ஸ் கீழ்வழிக்குள் இறங்குகிறது. அதுவரை இரண்டு பக்கமும் கேட்டுவந்த கூச்சல் அந்தச் சுரங்கத்துக்குள் அடங்கிவிடும். தன் மூச்சும் பக்கத்தில் ஓடுபவரின் காலடி ஓசையும்தான் காதில் விழும். கொஞ்சம் நடந்து, யாரும் பார்க்காத இடத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ள விரும்புபவர்களுக்கு அது நல்ல இடம்.

சுரங்கத்தால் ஏறி வெளியே வந்தால் தேம்ஸ் நதிக்கரை. விக்டோரியா எம்பாங்க்மென்ட் என்ற இந்தக் கரைவீதியை ஜோசெப் பசல்கெட் என்ற பொறியியலாளர் 1870இல் கட்டி முடித்தார். நகரத்தின் கழிவுநீரைக் கொண்டுபோகும் பெரிய குழாய் இந்த வீதிக்கு அடியில்தான் கிடக்கிறது. அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் நதி இடப்பக்கமாகவே கூட வரும். 25ஆவது மைலை ஒட்டி எகிப்தில் இருந்து கொண்டுவந்து 1878இல் நட்ட ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. கிளியோபாட்ராவின் ஊசி என்று பெயர் இருந்தாலும் அது கிளியோபாட்ராவுக்குப் பல நூற்றாண்டு முந்தியது, ஏறத்தாழ 3,500 வருடப் பழமை கொண்டது. அதற்குமேல் நதி வளைவில் பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் தெரியத் தொடங்கும். தொலைவில் தெரிவதாலேயே அது கிட்ட வராதது போல இருக்கும். அந்தக் கோபுரத்தைப் பார்த்தபடி ஓடும் சில நிமிடங்கள்தான் முழுப் பாதையிலும் நீளமானவை என்று ஓடியவர்கள் சொல்வதுண்டு.

கோபுரத்தடியில் வலப்பக்கம் திரும்பினால் பாராளுமன்றச் சதுக்கம்.

வன்னி வாசகர்களுக்கு இந்தச் சதுக்கத்தைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2009 ஏப்ரல் 6ஆம் திகதி புலம்பெயர் தமிழர்கள் அங்கே கூடத் தொடங்கினார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்தார்கள். அடுத்த நாள் பரமேஸ்வரன் சுப்பிரமணியம் உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கினார். போரை நிறுத்தச் சொல்லும் அந்தப் போராட்டம் இரவும் பகலுமாக யூன் மாத நடுப்பகுதி வரை நீண்டது. இலண்டன் மரதன் அந்த வருடம் ஏப்ரல் 26ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஒலிம்பிக் வீரரான கென்யாவின் சாமுவேல் வஞ்சிரு 2 மணித்தியாலம் 5 நிமிடம் 10 செக்கனில் வென்றார். அவரும் அவருக்குப் பின்னால் வந்த பல்லாயிரம் பேரும் தங்கள் கடைசி மைலில் கடந்துபோன சதுக்கம் இதுதான். அந்த நாளில் உண்ணாவிரதம் 20 நாட்களை எட்டியிருந்தது. அதே நாளில் முல்லைத்தீவுக் கரையோரத்தில், வலைஞர்மடத்துக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில், மக்கள் பதுங்குகுழிகளுக்குள் இருந்தார்கள். சதுக்கத்தில் நின்றவர்களில் பலருக்கு அந்தக் குழிகளுக்குள் இருந்தவர்கள் தாயும் தகப்பனும் சகோதரங்களும்.

ஒரு நகரத்தின் அடையாள இடங்கள் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த முடக்கு, கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து பார்க்கும் ஒருவருக்கு வேறொரு ஏப்ரலைக் கொண்டுவருகிறது. அந்த வரலாறு எந்த மரதன் வழிகாட்டி நூலிலும் இல்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு உரியதுதான்.

சதுக்கத்தைத் தாண்டினால் 'பேர்ட்கேஜ் வோக்'. முதலாம் ஜேம்ஸ் மன்னர் பறவைகள் வளர்த்த இடம் என்பதால் இந்தப் பெயர். ஒரு பக்கம் சென்ட் ஜேம்ஸ் பூங்காவின் மரநிழல். இங்கே தூரப் பலகைகள் அடுத்தடுத்து வரும்: 800 மீற்றர், 600 மீற்றர். அவற்றுள் ஒரு பலகை மட்டும் மீற்றரில் பேசாது. '385 யார்' என்று அதில் எழுதியிருக்கும்.

அந்த 385 யார் எப்படி வந்தது என்ற கதையும் இலண்டனில்தான் பிறந்தது. 1908 ஒலிம்பிக்குக்கு முன்னர் மரதனுக்கு நிலையான தூரம் கிடையாது. ஏறத்தாழ 25 மைல், போட்டிக்குப் போட்டி மாறும். 1908இல் வின்சர் கோட்டையில் தொடங்கி, விளையாட்டரங்குக்குள் அரச குடும்பத்தினர் அமரும் இருக்கைகளுக்கு முன்னால் முடிப்பது என்று தீர்மானித்தார்கள். அரங்கம் வரை 26 மைல், உள்ளே ஓடுதளத்தில் 385 யார். 1921இல் சர்வதேச மெய்வல்லுநர் சங்கம் இதையே உலகத்துக்கான அளவாக எடுத்துக்கொண்டது. இன்று எந்த நாட்டில் மரதன் நடந்தாலும் கடைசி 352 மீற்றர் அந்த அரச இருக்கைகளால் வந்தது.

அந்த 385 யாரில்தான் மரதன் வரலாற்றின் மறக்கமுடியாத காட்சியும் நடந்தது. 1908 யூலை 24. வெயில் கொடியது. இத்தாலியைச் சேர்ந்த டொராண்டோ பியெட்ரி என்ற சிறிய மனிதர் முதல் ஆளாக அரங்குக்குள் நுழைந்தார். நுழைந்தவர் தவறான பக்கம் திரும்பினார். விழுந்தார். எழுப்பிவிட்டார்கள். மீண்டும் விழுந்தார். அந்த 350 மீற்றரைக் கடக்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கடைசியில் அதிகாரிகள் கையைப் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தார்கள். பிறர் உதவியால் முடித்தார் என்று அவரை நீக்கிவிட்டுப் பின்னால் வந்த அமெரிக்கர் ஜோனி ஹேய்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். மறுநாள் அலெக்ஸாண்ட்ரா அரசி பியெட்ரிக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக்கிண்ணம் ஒன்றை வழங்கினார்.

ஏறத்தாழ 109 வருடம் கழித்து, 2017 ஏப்ரல் 23ஆம் திகதி, அதே நகரத்தில் மோல் சாலையின் கடைசி 200 மீற்றரில் டேவிட் வைத் என்ற ஓட்டக்காரரின் கால்கள் மடங்கின. பின்னால் வந்த மத்தியூ ரீஸ் தன் நேரத்தை விட்டுவிட்டு நின்றார். அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்து, எல்லை வரை கூட்டிக்கொண்டு வந்தார். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. இந்தத் தடவை யாரும் யாரையும் நீக்கவில்லை. அந்த வருடத்து வெற்றியாளர்களின் பெயரை மறந்தவர்கள்கூட இந்தக் காட்சியை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மற்ற நகரங்களும் தங்கள் கடைசி மைல்களுக்குத் தனி முகம் கொடுத்திருக்கின்றன. 1897இல் இருந்து நடக்கும் பொஸ்டன் மரதனில், 20ஆவது மைலுக்குப் பிறகு, உடலின் இருப்புத் தீரும் அதே இடத்தில், ஒரு மேடு வருகிறது. 'இதயம் நொறுங்கும் மேடு' என்றே அதற்குப் பெயர். மும்பையில் 35 கிலோமீற்றருக்குப் பிறகு பெடர் ரோட் ஏற்றம். அதில் ஏறி இறங்கினால் கடலோர மெரின் டிரைவ், பிறகு சத்ரபதி சிவாஜி ரயில் நிலையப் பக்கம் முடிவு. இலங்கையரிடம் கடைசிச் சுற்று என்று சொன்னால் நினைவுக்கு வருபவர் 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ரணதுங்க கருணானந்த. எல்லோரும் முடித்த பிறகும் மிச்சமிருந்த சுற்றுகளைத் தனியாகவே ஓடி முடித்தார். முதலில் சிரித்த அரங்கம் கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. ஜப்பானியப் பாடநூலிலும் அவர் கதை இடம்பெற்றது.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே நகர மரதன் என்று ஊன்றி நிற்கும் போட்டி இல்லாவிட்டாலும் மரதன் இல்லாத ஊர் இல்லை. வருடத் தொடக்கத்தில், இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கு முன்னோடியாக, பாடசாலைகள் மரதன் ஓட்டம் வைக்கின்றன. சில கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் இல்ல நிறப் பனியனோடு பிள்ளைகள் வீதியில் இறங்கினால் ஊரே வேலிப்படலைக்கு வந்துவிடும். தேசிக்காய்த் தண்ணீரும் குளுக்கோஸும் கரைத்த வாளிகள் வாசலுக்கு வரும். சைக்கிளில் அண்ணன்மார் பக்கத்தில் வருவார்கள். பொலிசார் சந்தியில் வாகனங்களை மறிப்பார்கள். இலண்டனில் பெரும் செலவில் நடக்கும் ஏற்பாடுகளின் சாரம் இவ்வளவுதான்: தண்ணீர், வழி, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள்.

நீண்ட தூரத்தைக் காலால் கடந்தவர்களும் இந்த வீதிகளுக்குப் புதியவர்கள் அல்லர். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை அடியார்கள் முல்லைத்தீவு வழியாகப் போகிறார்கள். 2011 யூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைக்க நிதி திரட்டிய அந்த நடைக்குப் பல்லாயிரம் பேர் உதவினார்கள், வன்னியையும் ஊடறுத்துத்தான் அது போனது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்திலும் 5,000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்று வந்தார். 800 மீற்றரில் வெண்கலமும் அவருக்குத்தான்.

நகர மரதன் ஒன்றை இங்கே வைக்கப் பாதையும் இருக்கிறது. மாங்குளம் சந்தியில் இருந்து ஆனையிறவு வரை ஏ9 வீதி ஏறத்தாழ ஒரு மரதன் தூரம். அதன் நிலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஓட்டத்தின் வடிவம் தெரியும். முதலில் கொக்காவில், 174 மீற்றர் உயரத் தொலைத்தொடர்புக் கோபுரம். ஏறத்தாழ பாதி வழியில் முறிகண்டிப் பிள்ளையார். இந்த வீதியால் போகிற பஸ் எதுவும் அங்கே நிற்காமல் போவது அரிது. தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் பயணம் தொடரும். பிறகு அறிவியல் நகர், இரணைமடுச் சந்தி, கிளிநொச்சி நகரம். 20ஆவது மைல் விழுவது கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையில். அதற்கு அப்பால் முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தன், பிறகு உமையாள்புரம், பிறகு இரண்டு பக்கமும் வெளி. உப்பளமும் கடல்நீரேரியும் போரின் நினைவுச் சின்னங்களும் உள்ள ஆனையிறவு.

கேட்க அழகாக இருந்தாலும் கடைசி ஆறு மைலை அந்த வெளியில் வைப்பது ஓடுபவர்களுக்குச் செய்யும் கொடுமை. அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கினாலும் மெதுவாக ஓடுபவர்கள் அங்கே போய்ச்சேர ஒன்பது, பத்து மணியாகிவிடும். ஒரு மரநிழல் கிடையாது. காற்று பக்கவாட்டில் அடிக்கும். எல்லாவற்றையும்விட, கைதட்டுவதற்கு அங்கே குடியிருப்பு இல்லை. இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஓட்டத்தூரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பாதையில் எடுக்கும் நேரம் உலக சாதனையாக ஏற்கப்படாது. பொஸ்டன் மரதனுக்கும் இதே தடை இருக்கிறது.

ஆகவே நகரத்துக்குள்ளேயே தொடங்கி நகரத்துக்குள்ளேயே முடிக்கும் பாதைதான் பொருத்தம். கிளிநொச்சியில் இருட்டோடு புறப்பட்டு, வெயில் ஏறும் முன்னரே ஆனையிறவு வரை போய்த் திரும்பலாம். பிறகு நகரத்தைக் கடந்து தெற்கே அறிவியல் நகர் வரை போய்த் திரும்பினால் கணக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். அப்போது கடைசி மைல்கள் இப்படி அமையும்: யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர்கள் நிற்கும் வாசல், இரணைமடுச் சந்தி, 155ஆம் கட்டை, டிப்போச் சந்தி, கந்தசுவாமி கோயில், சந்தை. 155ஆம் கட்டை என்பது கண்டியில் இருந்து எண்ணிய மைல்கல். வீதி கிலோமீற்றருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் ஊர்மக்கள் வாயில் அந்த மைல் அப்படியே இருக்கிறது. களைத்து வருகிறவருக்கு அங்கே தூரப் பலகைகூடத் தேவையில்லை.

முதல் வேலை அளப்பது. மரதன் பாதையைக் காரின் மீற்றரால் அளக்கமாட்டார்கள். முன்சில்லில் சுற்றெண்ணி பொருத்திய ஒரு சைக்கிளை, ஓடுபவர் பிடிக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் மிதித்துத்தான் அளப்பார்கள். இலண்டன் வீதிகளில் நீல நிறத்தில் வரைவது இந்தக் கோட்டைத்தான். தூரம் குறைந்துவிடாமல் இருக்க ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 42 மீற்றர், கூடுதலாகச் சேர்ப்பதும் விதி. அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு சைக்கிள், வாகனம் குறைந்த ஒரு விடியற்காலை, வீதி அபிவிருத்தி அதிகார சபையினதும் பொலிசாரினதும் அனுமதி போதும். தண்ணீர் மேசைகளுக்கு ஏ9 ஓரப் பாடசாலைகளின் இல்லங்கள் இருக்கின்றன. எந்தச் சந்தியில் எந்தப் பாடசாலை நிற்பது என்பதை விளையாட்டு ஆசிரியர்கள் ஒரு கூட்டத்தில் பேசித் தீர்த்துவிடலாம்.